மூன்று தரம் கூப்பிட வேண்டும்

என் குரல் பெரியது. வலைப்பந்துத் திடலின் ஒரு மூலையில் நான் நின்றால், அடுத்த மூலையில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யோசிக்கிற பிள்ளைக்கு விசில் தேவைப்படாது. "எங்கடை வீட்டுக் கொண்டாட்டத்துக்கு லவுட்ஸ்பீக்கர் பிடிக்கத் தேவையில்லை" என்று என் கணவர் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார். உடற்கல்வி ஆசிரியையாக இத்தனை காலம் தள்ளியது இந்தத் தொண்டையால்தான். கோபமும் கூடவே பிறந்தது. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலையிலும் எயார் ரைபிள் என்கிற காற்றுத் துவக்குச் சுடுதல் தொடங்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். பயிற்சிக்கு என்னைத் தெற்கே அனுப்பினார்கள். அங்கே வந்திருந்த மற்ற ஆசிரியைகள் வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்குவது போலத் துவக்கைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். நான் அதைக் கடைசியாகத்தான் தொட்டேன். துவக்கோடு ஆள் வந்தால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கச் சின்ன வயதிலேயே பழகியவள் நான். இது காற்றால் வேலை செய்கிற விளையாட்டுச் சாமான், அதில் போடுகிற சன்னம் பயற்றம் பருப்பளவுதான் என்று எத்தனை தரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், அந்த இரும்பின் மணம் மூக்குக்கு எட்டியதும் என் கண் தானாக நிலத்துக்குப் போனது. அந்தப் பயத்தால்தானோ என்னவோ, அங்கே சொல்லித்தந்த பாதுகாப்பு விதிகளை எல்லாரையும் விட நான்தான் ஒழுங்காகப் பாடமாக்கினேன்.

திரும்பி வந்து பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்தேன்.

"துவக்கோ ரீச்சர்?" என்றார் ஒரு தாய். "பிள்ளையளுக்கு வேறை விளையாட்டே கிடைக்கேல்லையோ?"

சண்டையைப் பார்த்த ஊர் எங்களுடையது. அவர் எதைச் சொல்கிறார் என்று மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் விளங்கியது. நான் அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். உங்கள் பிள்ளையின் கையால் எந்தச் சீவனுக்கும் ஒரு கீறல் வராது, அதற்கு நான் பொறுப்பு என்றேன். காற்றுத் துவக்கு ஆளைக் கொல்லாது என்று நினைத்துத்தான் பலர் கவலையீனமாக இருப்பார்கள். கண்ணில் பட்டால் கண் போய்விடும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்? கண்ணைப் பறிகொடுத்தவர் ஒருபக்கம், அதைப் பறித்த பிள்ளை மறுபக்கம். அந்தப் பிள்ளை பிறகு எப்படி வளரும் என்று நினைத்து நினைத்துத்தான் நான் பயந்தேன்.

சுடுவதற்கு நீளமான, மூடிய இடம் வேண்டும். காங்கேசன்துறைப் பக்கம், நெடுங்காலம் இராணுவ வேலிக்குள் அடைபட்டுக் கிடந்து பின்னர் விடுபட்ட காணிகளுக்கு நடுவே ஒரு பழைய கிட்டங்கி கிடைத்தது. முன்பு மூட்டை அடுக்கி வைத்த இடம். சொந்தக்காரர் வெளிநாட்டில். பிள்ளைகள் விளையாடட்டும் என்று திறப்பைக் கொடுத்துவிட்டார். முன்வாசல் தெருவைப் பார்த்தபடி இருந்தது. பின்பக்கம் முழுக்கப் பற்றை, அதற்குள் கூரையில்லாத வீடுகள். சில வீடுகளுக்கு நடுவில் வேம்பு வளர்ந்து கூரையின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்கு மட்டும் புதுத் தகரம் போட்டிருந்தது. காணி கைவிட்டுப் போகக்கூடாதென்று கூரையைப் போட்டுவிட்டு, வாடகை வீட்டுக்கே திரும்பிப் போகிறவர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர். அதனால் அதிலும் ஆளில்லை என்றுதான் நினைத்தேன்.

கிட்டங்கியின் கடைசிச் சுவரில் ஏற்கெனவே துளைகள் இருந்தன. பிள்ளைகள் முதல்நாள் அவற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "உது பழசு" என்று மட்டும் சொன்னேன். சுவரின் அடியில் செல் குண்டு விழுந்த ஓட்டை ஒன்று, ஆள் குனிந்து வரக்கூடிய அளவுக்கு. அதற்குத் தகரம் வைத்து ஆணி அடித்தோம். சுவருக்கு ஒரு கை தூரம் முன்னால் சாக்குகளைச் சேர்த்துத் தைத்துத் திரைபோலத் தொங்கவிட்டோம், சன்னம் தெறித்துத் திரும்பி வராமல் இருக்க. அதற்கு முன்னால் மரச்சட்டங்களில் இலக்குத் தாள்கள். சாக்குக்கும் சுவருக்கும் இடையில் எந்த நேரமும் இருட்டு. அந்தப் பழைய துளைகள் பிள்ளைகளின் கண்ணில் படாமல் போனதில் எனக்கு உள்ளூர நிம்மதி.

விதிகள் கொஞ்சம்தான். துவக்கின் வாய் எப்போதும் முன்னுக்கு இருக்க வேண்டும். சொல்லும்வரை விரலை விசையில் வைக்கக்கூடாது. தரையில் கீறிய கோட்டைத் தாண்டக்கூடாது. கோட்டில் நிற்கும்போது கதைக்கக்கூடாது. ஆனால் பிழையாக ஏதாவது கண்ணில் பட்டால், எவ்வளவு சின்னப் பிள்ளையானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம், சொன்னால் எல்லாரும் நிறுத்த வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் நான் இலக்குப் பக்கம் பார்த்து உரத்துக் கேட்பேன்: "முன்னுக்கு ஆரும் நிக்கிறியளோ?" மறுமொழி இல்லையென்றால் "சுடலாம்" என்பேன்.

வெறும் கிட்டங்கியில் என் குரல் தகரக் கூரையில் பட்டு, கடைசிச் சுவரில் பட்டு, வேறு யாருடையதோ போல எனக்கே திரும்பி வரும். பிள்ளைகளுக்கு முதலில் அது சிரிப்பாக இருந்தது.

"ஆர் ரீச்சர் அங்கை நிண்டு மறுமொழி சொல்லப் போகினம்?" என்றாள் உடுவிலில் இருந்து வருகிறவள். வாய்க்கு ஒருநாளும் லீவு கொடுக்காத பிள்ளை. "நிண்டாலும் ஒருக்காக் கூப்பிட்டதுக்கு ஆரும் ஓம் சொல்லமாட்டினம். பேய் எண்டு நினைப்பினம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சத்தம் போட்டு அடக்கினேன். ஆனால் அவள் சொன்னது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். பொழுது சாய்கிற நேரத்தில் வேலி வாசல் படலையடியில் யாராவது கூப்பிட்டால் முதல் தரம் வாய் திறக்கக்கூடாது. இரண்டாம் தரமும் கூடாது. மூன்றாம் தரமும் கூப்பிட்டால்தான் ஆள். "ஓம்" என்று எழும்பிப் போகலாம். பேய்க்கு மூன்று தரம் கூப்பிடத் தெரியாதாம். எங்கள் சின்னையா ஒருமுறை மறதியில் ஒரே தரம் கூப்பிட்டுவிட்டு, உள்ளே நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, வெளியே நுளம்புக்கடி வாங்கிக்கொண்டு நின்றார். ஆனால் நான் இதையெல்லாம் சுடுகிற இடத்துக்குக் கொண்டுவருவேனா? பயிற்சியில் ஒருதரம் கேட்கச் சொன்னார்கள், நான் ஒருதரம் கேட்டேன்.

தொடங்க முன்னர் கிட்டங்கியைச் சுற்றி நடந்து பார்ப்பதும் ஒரு விதி. சில வாரங்கள் போன பிறகு ஒருநாள் பின்சுவரின் அடியில் கற்பூரம் எரிந்த கறையைக் கண்டேன். பக்கத்தில் ஒரு செவ்வரத்தம்பூ, அன்றைக்குப் பிடுங்கியது. வைரவருக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் வைரவர் இல்லாத மரமடி குறைவு. சுற்றிவரப் பார்த்தேன். சூலமும் இல்லை, கல்லும் இல்லை. வெறும் சுவருக்குத்தான் யாரோ பூ வைத்திருந்தார்கள்.

அடுத்த முறை போனபோது அதே இடத்தில் ஒரு பித்தளை மூக்குப்பேணி இருந்தது. வாயைப் பூவரசம் இலையால் மூடியிருந்தது. இலையை எடுத்துப் பார்த்தேன். பால் தேத்தண்ணி. ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. யாரும் வாய் வைக்கவில்லை. வேலைக்கு வந்த யாரோ மறந்துபோய் விட்டுப் போயிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் பற்றைக்குள் வேலைக்கு ஒருவரும் வருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னையே ஏசிக்கொண்டு, ஓட்டைக்கு அடித்த தகரத்தைக் கையால் தள்ளிப் பார்த்தேன். மேல் ஆணிகள் பிடித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தொடங்கினேன்.

அது நடந்தது சோளகக் காற்று ஓய்ந்து வாடை தொடங்காத நாட்களில். அப்படியான பின்னேரங்களில் ஓர் இலை அசையாது. காங்கேசன்துறைக்குப் போகிற ரயில் கூவிவிட்டுப் போன பிறகு காகம்கூடக் கத்தவில்லை. பிள்ளைகள் கோட்டில் வரிசையாக நின்றார்கள். துவக்குகளில் சன்னம் போட்டாயிற்று.

"முன்னுக்கு ஆரும் நிக்கிறியளோ?"

குரல் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. மறுமொழி இல்லை. "சுடலாம்" என்பதற்கு மூச்சை இழுத்தேன். அப்போது வரிசையின் ஓரத்தில் நின்றவள் துவக்கை மேசையில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினாள். வகுப்பில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத பிள்ளை அவள். இடாப்பில் பெயர் கூப்பிட்டால்கூட உதட்டை அசைப்பதோடு சரி.

"கையை ஏன் தூக்கிறாய்? வாய் இல்லையோ? நிறுத்து எண்டு சொல்லத் தெரியாதோ?" என்று பாய்ந்தேன்.

அவள் இலக்குப் பக்கம் விரலை நீட்டினாள். "ரீச்சர், சாக்கு மூச்சு விடுது."

யாரும் சிரிக்கவில்லை. நான் பார்த்தேன். நடு இலக்குக்கு நேர் பின்னால் சாக்கு மெல்ல முன்னுக்கு வந்தது. பிறகு உள்ளே போனது. திரும்பவும் முன்னுக்கு வந்தது.

"துவக்கை வையுங்கோ" என்றேன். "எல்லாரும். கையை எடுத்துப்போட்டுப் பின்னுக்குப் போங்கோ."

என் குரல் அவ்வளவு மெதுவாக வந்ததைப் பிள்ளைகள் அதற்கு முன் கேட்டதில்லை. நான் ஒவ்வொரு துவக்காகத் திறந்து சன்னத்தை வெளியில் எடுத்தேன். கடைசித் துவக்கும் வெறுமையாகும்வரை ஒருவரும் கோட்டைத் தாண்டக்கூடாது, நானும்தான். ஓடிப்போய்ச் சாக்கைக் கிழித்துப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும் போலவும் இருந்தது. விதி என்று ஒன்று இருந்தபடியால் இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

"ஆர் அங்கை நிக்கிறது?" என்று இரண்டாம் தரம் கூப்பிட்டேன்.

சாக்கு அசைவதை நிறுத்தியது. மறுமொழி இல்லை. பூனையென்றால் பாய்ந்து ஓடியிருக்கும். நாயென்றால் குரைத்திருக்கும். என் குரலைக் கேட்டு மூச்சை அடக்கத் தெரிந்த ஏதோ ஒன்று அதற்குப் பின்னால் நின்றது.

மூன்றாம் தரமும் கூப்பிட்டேன். "முன்னுக்கு ஆரும் நிக்கிறியளோ?"

"ஓம்" என்றது சாக்குக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "நிக்கிறன் பிள்ளை."

உடுவில்காரி அழத் தொடங்கினாள். சாக்கின் ஓரத்தை விலக்கிக்கொண்டு ஒரு வயதான பெண் வெளியே வந்தார். வெளுத்த நூல் சேலை, முழங்கை வரைக்கும் சுவர்ப் புழுதி. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நீங்கள் ஆக்கள்தானோ?"

வாங்குப் பலகையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். பயம் போனதும் எனக்குக் கோபம் வரும். அது என் பிறவிக்குணம்.

"கூப்பிட்டனான் எல்லோ அம்மா. ஏன் பேசாமல் நிண்டனியள்? பிள்ளையள் சுட்டிருந்தால் உங்கடை கண் போயிருக்கும். தெரியுமோ?"

"ஒருக்காத்தானே கூப்பிட்டனீ" என்றார் அவர். பிழை என்னுடையது என்பது போலிருந்தது அந்தப் பேச்சு.

புதுத் தகரம் போட்ட வீடு அவருடையது. ஆளில்லை என்று நான் நினைத்த அந்த வீட்டுக்கு அவர் வந்து கொஞ்சக் காலம்தான். தனியாக இருந்தார். தெருப்பக்கம் போவதற்குச் சுற்றிப் போக வேண்டும், கால் ஏலாது. கிட்டங்கியின் முன்வாசலில் எங்கள் வான் வந்து நிற்பதை அவர் ஒருநாளும் காணவில்லை. கோட்டில் கதைக்கக்கூடாது என்று நான் பிள்ளைகளின் வாயைக் கட்டி வைத்ததால், அவர் காதுக்கு எட்டியதெல்லாம் என் குரல் ஒன்றுதான்.

"பின்னேரத்திலை உதுக்குள்ளை இருந்து ஒரு குரல் கேக்கும்" என்றார். "ஆரும் நிக்கிறியளோ எண்டு. ஒருக்காத்தான். பிறகு ஆரோ தட்டுற மாதிரி டொக் டொக் எண்டு கொஞ்சச் சத்தம். பிறகு ஒண்டும் இல்லை. கனக்க நேரம் போய்த் திரும்பவும் ஒருக்காக் கேக்கும். ஆக்கள் எண்டால் மறுமொழி வராட்டில் இன்னொருக்காக் கூப்பிட மாட்டினமோ?"

"அப்ப அந்தத் தேத்தண்ணி?"

"கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை காஞ்சிருக்கும் எண்டு வைச்சனான். குடிக்கேல்லை. ஆரோ ஒரு பெம்பிளை, தான் செத்தது தெரியாமல் தன்ரை ஆக்களைத் தேடிக்கொண்டு நிக்கிறாளாக்கும் எண்டு நினைச்சன். பாவமாயிருந்தது. அதுதான் இண்டைக்கு உள்ளுக்கு வந்து பாப்பம் எண்டு தகரத்தைத் தள்ளினன். கீழ் ஆணியெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு."

என்னைத்தான் சொல்கிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அத்தனை வாரமாக அந்தப் பற்றைக்காட்டில் பேயாக இருந்தது நான்.

பிள்ளைகளை வானில் ஏற்றி அனுப்பிவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீடென்று சொன்னாலும் ஓர் அறைக்குத்தான் கூரை. மற்ற அறைகளுக்குச் சுவர் மட்டும் நின்றது. கிளுவை வேலி, அதற்கு மட்டைப் படலை ஒன்று. மகளுக்கு மானிப்பாயில் நல்ல கல்வீடு இருக்கிறது, வரச்சொல்லி அழுகிறாள் என்றார்.

"பின்னை இஞ்சை ஏன் தனிய இருக்கிறியள்?" என்று அதட்டினேன்.

"அங்கை போனால் அவனுக்கு இடம் தெரியாது."

அவர் அழாமல் சொன்னார். ஊரை விட்டு எல்லாரும் இடம்பெயர்ந்து போவதற்குக் கொஞ்சம் முந்தி, ஒரு பின்னேரம், இதே படலையடியில் யாரோ அவருடைய மகனைக் கூப்பிட்டார்கள். ஒரே தரம்தான். அவர் அடுப்படியில் இருந்தார். பொறு, இன்னொருக்காக் கூப்பிடட்டும் என்று அவர் வாயெடுக்க முன்னர், மகன் "ஓம், வாறன்" என்று சொல்லிக்கொண்டு செருப்பைப் போட்டுவிட்டான். கூப்பிட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. எங்கே கொண்டுபோனார்கள் என்றும் தெரியாது. அவர் ஏறி இறங்காத படி இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை.

"முதல் கூப்பிடுக்கே ஓம் எண்டவன், பிள்ளை" என்றார். "அதுக்குப் பிறகு ஒருக்காக் கூப்பிட்ட ஒருதருக்கும் நான் மறுமொழி சொன்னதில்லை."

அடுத்த முறை கிட்டங்கிக்குப் போனபோது பிள்ளைகள் வர முன்னர் நான் தனியாகச் சாக்கின் பின்னால் போய் நின்று பார்த்தேன். சன்னம் துளைத்த ஓட்டைகளால் வெளிச்சம் ஊசி ஊசியாக உள்ளே வந்தது. அவர் முகம் இருந்திருக்கக்கூடிய உயரத்தில்தான் ஓட்டைகள் கூடுதலாக இருந்தன. பார்த்திருக்கக்கூடாது என்று பிறகு பட்டது. அந்த வாய் பேசாத பிள்ளையின் வீட்டுக்குப் போய்த் தாயிடம் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். என் வாயிலிருந்து புகழ்ச்சி வந்ததில் தாய்க்குத்தான் பயம் வந்துவிட்டது.

சுவரடியில் இருந்த செல் ஓட்டையைக் கல் வைத்துக் கட்டிப் பூசுவித்தேன். விதியையும் மாற்றினேன். இனி மூன்று தரம் கூப்பிட வேண்டும், ஒவ்வொரு தரத்துக்கும் இடையில் ஆறுதலாக மூச்சு விட்டுப் பொறுக்க வேண்டும். பயிற்சியில் சொல்லித்தந்த விதி எந்த ஊரில் நின்று எழுதினதோ தெரியாது. எங்கள் ஊரில் ஒருதரம் கூப்பிட்டு மறுமொழி வராவிட்டால், ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. ஆள் பயந்துபோய் நிற்கிறது என்றும் இருக்கலாம்.

அதன் பிறகு நான் மூன்றாம் தரம் கூப்பிட்டதும் சுவருக்கு அப்பாலிருந்து அவர் குரல் கொடுப்பார்: "நான் இஞ்சாலை நிக்கிறன். நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ." பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள். ஒருமுறை மேற்பார்வைக்கு வந்த அதிகாரி திடுக்கிட்டு, யார் அது என்று கேட்டார். "எங்கடை பாதுகாப்பு ஏற்பாடு, சேர்" என்றேன். மூக்குப்பேணியில் பால் தேத்தண்ணி தொடர்ந்தும் வந்தது. இப்போது குடிப்பதற்கு ஆள் இருந்தது.

மாரி தொடங்கியது. ஒரு பின்னேரம் மழை சற்று விட்டிருந்த நேரம் பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். நான் முதல் தரம் கூப்பிட்டேன். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வர முன்னரே, அப்பாலிருந்து அவருடைய மறுமொழி வந்தது.

"ஓம், வாறன்."

அந்த இரண்டு சொல்லும் யாருடையவை என்று எனக்குத் தெரியும். துவக்குகளை வெறுமையாக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளை வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு, சேற்றுக்குள்ளால் சுற்றி ஓடினேன். அவர் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தலை இழுத்து முடிந்திருந்தது. காலில் செருப்பு. முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை.

"உள்ளுக்கு வாங்கோ அம்மா. நான்தான் கூப்பிட்டது."

"உன்ரை குரல் எனக்குத் தெரியாதே, பிள்ளை? நீ அங்காலை இருந்து கூப்பிட்டாய்" என்றார் அமைதியாக. "இது இஞ்சை. படலையடியிலை."

நான் ஓடிவந்த ஒழுங்கையைத் திரும்பிப் பார்த்தேன். சேற்றில் என் காலடிகள் மட்டுந்தான் கிடந்தன. வேறு காலடி கிடக்கிறதா என்று தேடினேன் என்பதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடினேன்.

அவர் கையைப் பிடித்தபோது அடுப்புச் சட்டியைத் தொட்டது போலச் சுட்டது. நுளம்புக் காய்ச்சல், டெங்கு. என் கணவர் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தார், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் மண்டைக்கு அடித்துப் பிதற்றியிருக்கிறார், அவ்வளவுதான் என்று நான் எல்லாருக்கும் சொன்னேன். அவருடைய மகளும் அப்படித்தான் சொன்னாள். அவர் தேறிவந்த பிறகு, வார்டில் கட்டிலோரம் நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். அவன் தப்பி வந்து ஒருக்காக் கூப்பிட்டிருந்தால்?"

எனக்கு விளங்கவில்லை.

"எத்தினை வீட்டிலை இருந்தம், எத்தினை படலை. பொழுதுபடேக்கை எத்தினை தரம் வெளியிலை ஆரோ கூப்பிட்ட மாதிரிக் கேட்டிருக்கும். மூண்டு தரம் கூப்பிடட்டும், மூண்டு தரம் கூப்பிடட்டும் எண்டு நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்." அவர் என் முகத்தையே பார்த்தார். "ஒளிச்சு வாறவன் மூண்டு தரம் கூப்பிடுவானோ, பிள்ளை?"

உரித்த தோடம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர்தான் என்னைத் தேற்றினார்.

அவர் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். மகள் வந்து வந்து போகிறாள். நாங்களும் அதே கிட்டங்கியில்தான் பழகுகிறோம். வாய் பேசாத பிள்ளை மாகாணப் போட்டிக்குப் போய் வந்துவிட்டாள். நான் இன்னும் மூன்று தரம்தான் கூப்பிடுகிறேன். மூன்றாம் தரத்துக்கு அவர் "இஞ்சாலை நிக்கிறன்" என்று சொல்லாமல் ஒரு துவக்கும் வெடிப்பதில்லை. ஆனால் இப்போது முதல் தரத்துக்கும் அப்பாலிருந்து "ஓம்" என்று மறுமொழி வருகிறது, ஒவ்வொரு நாளும். அது எனக்குச் சொல்கிற ஓம் இல்லை. பிள்ளைகள் கோட்டில் அசையாமல் நிற்கிறார்கள். படலை திறபடுகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. திரும்பச் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் இரண்டாம் தரம் கூப்பிடுகிறேன்.